கண்ணைத் திறங்க, ஐயா

ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். சிஸ்டர் யாராவது வந்தால், "அப்பா எப்படி இருக்காரு சிஸ்டர்?" என்று கேட்பார்கள். "நல்லா தூங்குறாரு" என்று பதில் வந்துவிட்டால் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். வலி தெரியாமல் தூங்குகிறாரே, அதுவே பெரிசு என்று ஊரில் இருக்கும் உறவுக்கெல்லாம் போன் போகும்.

அந்த ஆறுதலுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வென்டிலேட்டர் பொருத்திய நோயாளியை மருந்து கொடுத்து நாள்கணக்கில் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருந்தால் அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தசை கரைகிறது, மூளை குழம்புகிறது, வென்டிலேட்டரிலிருந்து விடுபடும் நாள் தள்ளிப்போகிறது. மயக்க மருந்தை முடிந்த அளவு குறைத்து, முடிந்த அளவு சீக்கிரம் நோயாளியை விழிக்கச் செய்து, உட்காரவைத்து, நிற்கவைப்பதே நல்ல சிகிச்சை என்று கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக ஆய்வுகள் சொல்லிவருகின்றன. இதற்கு விலையுயர்ந்த புது இயந்திரம் எதுவும் வேண்டாம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளால் இது முடியும் என்று நான் நம்புவதற்கு அதுவே முதல் காரணம்.

திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருக்காரர் ஒருவர். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஐம்பதைத் தாண்டிய பிறகும் வெங்காய மூட்டையை ஒரே தம்மில் முதுகில் ஏற்றுவார். நிமோனியா முற்றி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தார். நுரையீரல் தேறியது, எக்ஸ்ரே தெளிந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியவரால் வாசற்படி ஏற முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து ஏற்றினோம். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கை நடுங்கியது. சட்டைப் பித்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை.

"உசுரக் காப்பாத்திட்டாங்கண்ணே, அது போதும்" என்றார் அவர் மனைவி. "ஆனா ராத்திரியானா எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. கையக் கட்டிப் போட்டுருக்காங்க, அவுத்து விடுங்கிறாரு. பாருங்க, கட்டவே இல்லன்னு தடவிக் காட்டுனாலும் நம்ப மாட்டேங்கிறாரு."

அவர் சொன்னது முழுக் கற்பனையும் இல்லை. வாயிலிருந்த டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று ஐ.சி.யூ.வில் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பாதி மயக்கத்தில் அந்தக் கட்டு மட்டும் மனத்தில் பதிந்தது. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பது பதியவில்லை.

இப்படித் திரும்பி வருகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உடல் பலவீனம், மறதி, பயம், மனச்சோர்வு என்று ஐ.சி.யூ.வுக்குப் பிறகு தொடரும் இந்தத் தொல்லைகளை ஒரே நோய்க்குறியாகப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 2010-இல் கூடிப் பேசி, 2012-இல் எழுதிவைத்தார்கள். கனடாவின் டொரான்டோவில் மார்கரெட் ஹெர்ரிட்ஜ் என்ற மருத்துவர், நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார். 2003-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஓராண்டு கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். அவர்களை வீட்டில் உட்காரவைத்தது பெரும்பாலும் நுரையீரல் இல்லை, கை கால் பலவீனம். தினக்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு இது எப்பேர்ப்பட்ட இடி என்று பாலக்கரையில் யாருக்கும் விளக்கவேண்டாம்.

பத்தே நாளில்

லண்டனில் ஜூடின் புதுச்சேரி என்ற மருத்துவர் தலைமையிலான குழு 63 ஐ.சி.யூ. நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தது. 2013-இல் வெளிவந்த கணக்கு: பத்தாம் நாளில் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழந்தவர்களுக்கு இன்னும் அதிகம். நம்மை நாற்காலியிலிருந்து எழுப்புவதும் படியேற்றுவதும் அந்தத் தசைதான். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதான். வென்டிலேட்டரே முழு மூச்சையும் விட்டுக்கொண்டிருந்தால் அதுவும் சும்மா கிடந்து மெலிகிறது. பிறகு வென்டிலேட்டரை எடுக்கப்போனால் நோயாளியால் தானாக மூச்சிழுக்க முடிவதில்லை. மூச்சுக்குத் திணறுகிறார், பதறுகிறார். பதற்றத்துக்கு மறுபடியும் மயக்க மருந்து. இந்தச் சுழலில் சிக்கிய நோயாளி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் இளைக்கிறார்.

மூளைக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மருத்துவர்கள் பிரதீக் பந்தாரிபாண்டே, வெஸ் ஈலி குழுவினர் 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் எழுதினார்கள். அவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோதே டெலிரியம் என்கிற மனக்குழப்பம் வந்திருந்தது. ஓராண்டுக்குப் பிறகு பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு நினைவாற்றலும் சிந்தனையும் தலையில் நடுத்தரமாக அடிபட்டவர்களின் அளவுக்கு மங்கியிருந்தன. குழப்பம் எத்தனை நாள் நீடித்ததோ அதற்கேற்ப பாதிப்பும் கூடியது. வயதானவர்களுக்கு மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியவில்லை. இளையவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

டெலிரியம் என்றால் கத்துவதும் குழாயைப் பிடுங்குவதும் என்றே நாம் நினைக்கிறோம். அதைவிட அதிகமாக வருவது சத்தம் போடாத வகை. நோயாளி சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடப்பார். தொந்தரவு இல்லாத நல்ல நோயாளி என்று எல்லோரும் கடந்து போவார்கள். அவருக்குள்ளே சுவரில் பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும்; ஊசியோடு வருகிற சிஸ்டர் கொல்ல வருகிறாள் என்று தோன்றும். மிடசோலம், லோரசெபம் வகை மயக்க மருந்துகளுக்கு இந்தக் குழப்பத்தைக் கூட்டும் குணம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க உறக்கம் போலத் தெரிந்தாலும், அந்த மயக்கத்தில் மூளை இயல்பான தூக்கத்தின் படிநிலைகளைக் கடப்பதில்லை. தூக்கம் தருகிற தெளிவும் அதில் கிடைப்பதில்லை.

விழித்திருந்தவர்கள் தூங்கிப்போன கதை

வென்டிலேட்டர் என்றாலே மயக்கம் என்பது ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத்தசை செயலிழந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துப் பிழைக்கவைத்தார். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். குழந்தைகளுக்குக் கதை படித்துக்காட்டினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். ஐ.சி.யூ. என்ற யோசனையே அங்கிருந்துதான் பிறந்தது. 1953 டிசம்பரில் இப்சென் அதே நகரில் அதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். கண் விழித்த நோயாளியும் பக்கத்தில் ஒரு மனிதரும் சேர்ந்ததாகவே ஐ.சி.யூ. தொடங்கியது.

அமெரிக்காவின் டென்வரில் தீவிர சிகிச்சையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் தாமஸ் பெட்டி. 1960-களில் தன் வார்டில் வென்டிலேட்டர் நோயாளிகள் விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நினைவுகூர்ந்து 1998-இல் ஒரு தலையங்கம் எழுதினார். இப்போது ரவுண்ட்ஸ் போனால் அசைவே இல்லாத உடல்களைத்தான் பார்க்கிறேன் என்று அவர் வருந்தினார். இடையில் நடந்தது என்ன? அந்தக்கால இயந்திரங்கள் நோயாளியின் மூச்சுக்கு இணங்கி ஓடவில்லை. இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். சொட்டுச்சொட்டாகத் தொடர்ந்து மருந்து செலுத்தும் சிரிஞ்சு பம்புகள் வந்தன. கட்டில்கள் பெருகின, பக்கத்தில் நிற்கும் ஆட்கள் பெருகவில்லை. இன்றைய வென்டிலேட்டர்கள் நோயாளியின் சிறு மூச்சையும் உணர்ந்து துணைநிற்கின்றன. இயந்திரம் திருந்திவிட்டது, பழக்கம் இன்னும் திருந்தவில்லை.

டெல்டா வார்டுகளுக்குத் தெரிந்தது

"டியூபோட ஒருத்தர் முழிச்சிருக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் காவிரிப் படுகையின் ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டிவிடும். கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சரிவு, பேச்சுக் குழறல், பிறகு மூச்சே நிற்கும். அந்த விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அறுக்கிறது, சுயநினைவைத் தொடுவதில்லை. இமையைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, ஆனால் பேசுவது எல்லாம் காதில் விழுகிறது. அனுபவப்பட்ட சிஸ்டர்கள் இதை அறிந்து, "ஐயா, பயப்படாதீங்க, விஷம் இறங்கிட்டு இருக்கு, மிஷின் மூச்சு குடுக்குது" என்று காதருகே சொல்லிக்கொண்டே வேலை செய்வார்கள்.

பூச்சிமருந்து உடலில் ஏறியவர்களிலும் இதே நிலை உண்டு. முதல் நாளில் விஷமுறிவுக்குப் போடும் அட்ரோபின் ஊசியின் வேகத்தில் உளறலும் ஆவேசமும் இருக்கும், அப்போது மயக்க மருந்து தேவைதான். அது அடங்கி, நினைவு தெளிந்த பிறகு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத்தசையும் தளர்ந்துபோகும். இந்த நிலையை 1987-இல் உலகத்துக்கு விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். "தலையணையிலேர்ந்து தலையைத் தூக்குங்க" என்று டாக்டர் தினமும் கேட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். தலையைத் தூக்கச் சொன்னால் புரிந்துகொண்டு முயற்சி செய்கிற, முடியாமல் கண்ணால் பேசுகிற நோயாளிகளை இந்த வார்டுகள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகின்றன. வென்டிலேட்டரில் விழித்திருக்க முடியும் என்பதற்கு இவர்களைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பாம்புக்கடி நோயாளியிடம் காட்டும் அந்தப் பொறுமையை நிமோனியா நோயாளியிடமும் காட்டினால் என்ன?

காலையில் பம்பை நிறுத்துவது

2000-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழுவினர் செய்த சோதனை எளிமையானது. 128 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கப்படி மயக்க மருந்து. மறுபாதிக்கு ஒவ்வொரு நாளும் மருந்தை நிறுத்தி, விழிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மறுபடி தொடங்கினார்கள். தினமும் நிறுத்திப் பார்க்கப்பட்டவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது சராசரியாக 4.9 நாள், மற்றவர்கள் 7.3 நாள். ஐ.சி.யூ.வில் தங்கியது 6.4 நாள், மற்றவர்களுக்கு 9.9. மூன்று நாளுக்கு மேல் மிச்சம். தனியார் ஐ.சி.யூ.வின் ஒருநாள் பில்லைக் கையில் வாங்கிய குடும்பத்துக்கு அந்த மூன்று நாளின் விலை தெரியும்.

2008-இல் இன்னொரு படி. மருந்தை நிறுத்துவதையும், வென்டிலேட்டர் துணையைக் குறைத்துத் தானாக மூச்சுவிடச் செய்வதையும் காலையில் அடுத்தடுத்துச் செய்து பார்த்தார்கள். 336 நோயாளிகளில் நடந்த அந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் இந்த முறையில் கூடுதல்.

செய்யும் விதம் இதுதான். முதலில் வலியைக் கவனிக்கவேண்டும். மயக்கத்தைக் குறைப்பது என்றால் வலியோடு துடிக்கவிடுவது என்று பொருள் இல்லை. வலி மருந்து அளவாகத் தொடரும், நினைவை அமுக்கும் மருந்துதான் குறையும். பம்பை நிறுத்திவிட்டு சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். "ஐயா, கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க. கையை அழுத்துங்க. நாக்கை நீட்டுங்க." நான்கில் மூன்று செய்தால் விழித்துவிட்டார் என்று கணக்கு. இதய வேகம் எகிறினால், ஆக்சிஜன் இறங்கினால், ரொம்பவும் பதறினால், பாதி அளவில் மருந்து மறுபடி ஓடும். மயக்கத்தின் ஆழத்தை அளக்க ரிச்மண்ட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. கூட்டல் நான்கு என்றால் அடிக்க வருகிற ஆவேசம், கழித்தல் ஐந்து என்றால் தட்டினாலும் எழாத நிலை. கூப்பிட்டால் கண் திறக்கும்படி பூஜ்யத்தை ஒட்டி வைத்திருப்பதே இலக்கு. கட்டிலருகே தொங்கும் சார்ட்டில் அந்த எண் தினமும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

தரையில் பாதம்

சிசேரியன் ஆன பெண்ணை ஒருகாலத்தில் ஒரு வாரம் படுக்கவைத்தார்கள். இன்று மறுநாளே நடக்கவிடுகிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்குத் தலையின் இருபக்கமும் மணல்மூட்டை வைத்து அசையாமல் கிடத்தினார்கள்; இன்று அன்றைக்கே வீடு. படுக்கை ஓய்வு என்ற மருந்தின் கேடுகளைப் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947-லேயே வரிசையாக எழுதிவிட்டார். காலில் ரத்தக்கட்டி, நுரையீரலில் சளித்தேக்கம், படுக்கைப்புண், மலச்சிக்கல், எலும்புத் தேய்வு. மருத்துவத்தின் மற்ற பிரிவுகள் கேட்டுக்கொண்ட அந்தச் செய்தி ஐ.சி.யூ. வாசலைத் தாண்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட விமானப்படை வீரர்களைப் படுக்கையிலேயே கிடக்கவிடாமல் பயிற்சி கொடுத்து எழுப்பியவர் அந்த ரஸ்க். மேரி வர்கீஸ் திரும்பிவந்து வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உயிர் பிழைத்தால் போதாது, எழுந்து தன் வேலையைத் தானே செய்யவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் வேர்பிடித்து ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆகிறது.

வென்டிலேட்டர் நோயாளியை எழுப்பி உட்காரவைக்கும்போது நாலு பேர் வேண்டும். ஒருவரின் கை டியூபை விட்டு அகலாது. இன்னொருவர் கழுத்திலும் கையிலும் ஓடும் மருந்து வழிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். மூன்றாமவர் யூரின் பையை முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுவார். பிசியோதெரபிஸ்ட் எதிரே நிற்பார். கட்டிலின் தலைப்பக்கம் மெல்ல உயரும். கொஞ்சம் பொறுத்து பி.பி. பார்ப்பார்கள். ஒருபக்கமாகத் திருப்பி, கால்களை இறக்கி, விளிம்பில் உட்காரவைப்பார்கள். கட்டில் உயரம் என்றால் காலுக்குக் கீழே பலகை வைக்கவேண்டும். பாதம் எதையாவது ஊன்றவேண்டும். முதல் நிமிடம் தலை சுற்றும், கழுத்து தொங்கும். பிசியோ தன் தோளைக் கொடுத்து, "மூச்ச மெதுவா விடுங்க, நான் புடிச்சிருக்கேன்" என்பார். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் நாற்காலி. அதற்கு அடுத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, இடுப்பில் பட்டையைப் பிடித்து, நிற்கவைப்பது. பின்னால் நாற்காலி தயாராக இருக்கும்.

ஆபத்து இல்லையா? சால்ட் லேக் சிட்டியில் பாலி பெய்லி என்ற செவிலியர் தலைமையில் 103 நோயாளிகளை 1,449 முறை இப்படி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்து 2007-இல் கணக்கு வெளியிட்டார்கள். விபரீதம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு டியூப்கூடக் கழன்றுவரவில்லை. 2009-இல் வில்லியம் ஷ்வைக்கெர்ட் குழு 104 பேரிடம் செய்த ஆய்வில், டியூப் போட்ட ஓரிரு நாளிலேயே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தாமே குளிக்க, உடுத்த, நடக்க முடிந்தவர்களாக இருந்தார்கள். தாமதமாகத் தொடங்கியவர்களில் 35 சதவீதம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 2022-இல் ஆஸ்திரேலியா முன்னின்று நடத்திய 750 பேர் ஆய்வில், ஏற்கெனவே ஓரளவு எழுப்பி நடமாடவிடும் ஐ.சி.யூ.க்களில் அதையே இன்னும் தீவிரமாகச் செய்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை; இதயத்துடிப்புக் கோளாறு, ரத்த அழுத்தச் சரிவு போன்றவை கூடின. டென்மார்க்காரர்கள் மயக்க மருந்தே இல்லாத முறையையும் லேசான மயக்கத்தையும் 700 பேரிடம் ஒப்பிட்டு 2020-இல் எழுதியதில், இறப்பில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, ஆழ்ந்த மயக்கத்திலிருந்து லேசான மயக்கத்துக்கு வருவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. அதற்கு மேல் வீரம் காட்டவேண்டியதில்லை. நோயாளியின் உடல் தாங்கும் அளவே அளவு.

சிலரை எழுப்பவே கூடாது. நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மூளை வீங்கியவர், வலிப்பு நிற்காதவர், நுரையீரல் மிக மோசமாகித் தசையைத் தளர்த்தும் மருந்தில் இருப்பவர், டெட்டனஸ் வந்தவர். இவர்களுக்கு ஆழ்ந்த மயக்கமே சிகிச்சை. யாருக்கு, ஏன், எதுவரை என்ற காரணம் டாக்டரிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். காரணமில்லாமல் நேற்று ஓடியதால் இன்றும் ஓடும் மருந்துதான் தொல்லை.

கட்டிலும் கையும்

பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் திருமுக்கூடல் கோயிலில் வெட்டிய கல்வெட்டு ஒரு மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. பதினைந்து கட்டில். அதோடு நிற்கவில்லை; மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் ஊற்றுபவர் என்று ஆளையும் அவரவர் கூலி நெல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதி இருக்கிறது, அங்கே ஆரோக்கியசாலை நடந்ததற்கும் கல்வெட்டு உண்டு. கட்டில் என்று எழுதினால் பக்கத்திலேயே ஆள் என்று எழுதவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று புது ஐ.சி.யூ. திறந்தால் எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் என்று செய்தி வருகிறது. எத்தனை சிஸ்டர், எத்தனை பிசியோ என்று வருவதில்லை. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே நெறி. ஒரு சிஸ்டர் மூன்று, நான்கு வென்டிலேட்டர்களைப் பார்த்துக்கொள்ள நேரும் இரவில், விழித்த நோயாளி ஒருவர் டியூபைப் பிடுங்கினால் பழி அவர் தலையில்தான் விழும். மயக்க மருந்து ஆள் பற்றாக்குறையை மூடிமறைக்கிறது. அந்தச் சிஸ்டரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஐ.சி.யூ.வுக்கென்றே, காலையும் மாலையும் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களை ஒவ்வொரு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும் உருவாக்கவேண்டும். எலும்பு வார்டுக்கும் பக்கவாத வார்டுக்கும் ஓடிவிட்டு நேரம் மிஞ்சினால் எட்டிப்பார்க்கும் ஏற்பாடு போதாது. நாள் மிச்சமாவதால் கட்டில் சீக்கிரம் காலியாகும். அந்தக் கட்டிலுக்காக ஆம்புலன்ஸில் காத்திருப்பவர் யாரோ ஒருவர் பிழைப்பார்.

குடும்பமும் மருந்து

கொரோனா காலத்தில் பழைய பழக்கம் முழுசாகத் திரும்பிவந்தது. 14 நாடுகளில் 2,088 கோவிட் நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 64 சதவீதம் பேருக்கு மிடசோலம் வகை மருந்து ஓடியிருந்தது. அந்த மருந்து பெற்றவர்களுக்கு டெலிரியம் அதிகம். நேரிலோ வீடியோ அழைப்பிலோ சொந்தக்காரரைப் பார்க்க முடிந்தவர்களுக்குக் குறைவு. கண்ணாடிக்கு வெளியே நின்று அழுத நம் ஊர்க் குடும்பங்களை உள்ளே விட்டிருந்தால் அவர்கள் செய்திருக்கக்கூடிய உதவி அது.

ஸ்ரீரங்கத்துப் பாட்டி ஒருவருக்கு அப்படி ஓர் உதவி கிடைத்தது. டியூப் எடுத்த மறுநாள் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ரயிலில் இருப்பதாக நினைத்து, இறங்கவேண்டும் என்று கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டார். ஊசி போடப் போனவர்களைப் பேத்தி கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பாட்டியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள், காதுக் கருவியை வைத்தாள், ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள். "பாட்டி, நான் வந்துருக்கேன். இது ஆஸ்பத்திரி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தாயார் சன்னதியில ஒரே கூட்டம், அம்மா போயிருக்கா." பாட்டி கொஞ்சநேரம் பார்த்தார். "புஷ்பம் வாங்கிண்டு போனாளா?" என்றார். ஊசி தேவைப்படவில்லை.

கண்ணாடி, காதுக் கருவி, பல்செட், நாள்காட்டி, பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, தெரிந்த குரல். இவற்றை உள்ளே அனுமதிக்க ஆஸ்பத்திரி மறுத்தால் பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள்: இன்று மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீர்களா, முடியாது என்றால் எதனால், பிசியோ வந்தாரா, எப்போது உட்காரவைப்பீர்கள். நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். நோயாளி கண் விழித்து, டியூபோடு இருமி, உங்களைப் பார்த்துக் கண்ணீர் விடும்போது, "ஐயோ, தூங்கவெச்சிடுங்க சார்" என்று நீங்களே கேட்டுவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச முடியாதவருக்கு ஒரு ஸ்லேட்டோ எழுத்து அட்டையோ கொடுங்கள். தண்ணீர், வலி, மூத்திரம், பயம் என்று நாலு சொல் எழுதி வைத்தாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. சர்க்கரை, பி.பி. மாத்திரைக்காகவே பலரும் அறிந்த திட்டம் அது. ஐ.சி.யூ.விலிருந்து திரும்பியவர்களின் பெயரையும் ஆஸ்பத்திரியே அந்தப் பட்டியலில் சேர்த்து அனுப்பும் வழக்கம் வந்தால், பாலக்கரைச் சந்துகளின் செங்குத்துப் படியேற முடியாமல் கீழ் அறையிலேயே முடங்கிப்போனவர்கள் எழுந்துவிடுவார்கள். அதுவரை குடும்பமே பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறவேண்டும். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி உதவும். வென்டிலேட்டரில் எத்தனை நாள், மயக்க மருந்து எது எத்தனை நாள், குழப்பம் வந்ததா, வீட்டுக்குப் போகும் அன்று பிடிக்காமல் எத்தனை அடி நடந்தார் என்ற நான்கையும் அதில் எழுதித்தரும்படி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.